குழந்தை காட்டும் வழியில் பாடம்: எல்.கே.ஜி.யில் நான்கு மாதமாக ஓர் எழுத்துகூட எழுதவில்லை, பொறுத்திருக்கலாமா?

ஓட்டேரி அம்மா:

என் மகனுக்கு நான்கு வயது இரண்டு மாதம். ஜூனில் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன பாலர் பள்ளியில் சேர்த்தோம். மாடியில் மூன்று அறை, கீழே ஒரு முருங்கை மரம், அதனடியில் மணல் கொட்டிய ஒரு மூலை, மொத்தமே முப்பது சொச்சம் பிள்ளைகள். சேர்க்கும்போதே விவரமாகச் சொல்லிவிட்டார்கள். வருடம் முழுவதற்கும் சிலபஸ் போட்டு வைப்பதில்லை, பிள்ளைகள் எதைப் பார்த்து நின்றுவிடுகிறார்களோ, எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களோ, அதிலிருந்துதான் பாடம் எடுப்போம் என்றார்கள். அன்றைக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. இப்போது அக்டோபர் வந்துவிட்டது. இதுவரை வீட்டுக்கு ஒரு நோட்டு வந்ததில்லை.

எதிர் வீட்டில் இவன் வயதிலேயே ஒரு பெண் குழந்தை, பெரிய பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறாள். நாலு கோடு நோட்டில் ஏ முதல் இசட் வரை எழுதுகிறாள், ஒன்று முதல் ஐம்பது வரை ஒப்பிக்கிறாள். என் மாமியார் தினமும் சாயங்காலம் இவனைப் பிடித்து, "இன்னைக்கு என்னடா படிச்சே?" என்று கேட்பார். "குழி தோண்டினோம் பாட்டி" என்பான். மூன்று வாரமாக இதே பதில்தான்.

குழி தோண்டுவது எதனால் என்றால், அயனாவரம் பக்கம் மெட்ரோ வேலை நடக்கிறது இல்லையா, போகிற வழியெல்லாம் தகரத் தடுப்பு, கிரேன், மண் லாரி. பிள்ளைகள் எல்லோருக்கும் அதே பேச்சு. அதைத்தான் பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிகிறது. ஆனால் இதில் எழுத்து எப்போது வரும், எண் எப்போது வரும்? ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குத்தான் போயாக வேண்டும். வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறேன். இப்படிப்பட்ட பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களும் பாடம் எடுத்தவர்களும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பாலர்பள்ளி மிஸ்:

சகோதரி, நான் திருவான்மியூர் பக்கம் 19 வருடமாக மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

"குழந்தை வழியில் பாடம்" என்று இன்றைக்கு நோட்டீஸில் போடாத பள்ளியே இல்லை. உள்ளே போனால் மூன்று வேறு வேறு சங்கதிகள் இருக்கும், அதனால்தான் பெற்றோருக்குக் குழப்பம். முதலாவது மாண்டிசோரி. நம் ஊருக்கு இது புதிதே இல்லை. 1939-இல் இந்த முறையை உருவாக்கிய இத்தாலிக்காரர் மரியா மாண்டிசோரி அம்மையாரே அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, நாடெங்கும் இருந்து வந்த ஏறக்குறைய முந்நூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தார். சில மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். கூட வந்த மகன் மாரியோவைக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். அந்த ஆகஸ்டில் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளன்றுதான் விட்டார்கள். அப்படியே 1946 வரை இந்தியாவில் தங்கும்படி ஆயிற்று. சென்னையில் இவ்வளவு மாண்டிசோரி பள்ளிகள் இருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் மாண்டிசோரியில் பிள்ளை நினைத்ததையெல்லாம் செய்வது கிடையாது. சாமான்கள் முன்கூட்டியே தீர்மானமானவை. இளஞ்சிவப்புக் கோபுரம் என்று பத்துக் கட்டைகள் இருக்கும், ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை. அதை எப்போது எடுப்பது, எத்தனை முறை அடுக்குவது, எப்போது திரும்ப வைப்பது என்பதில்தான் பிள்ளைக்குச் சுதந்திரம். எழுத்துகூட அங்கே உண்டு, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவி வருவார்கள், பென்சில் அப்புறம்தான்.

இரண்டாவது, உங்கள் பள்ளி செய்வது மாதிரி. இதற்கு இத்தாலியில் ரெஜ்ஜியோ எமிலியா என்கிற ஊரைச் சொல்வார்கள். 1945-இல் போர் முடிந்த கையோடு, அந்த ஊர்ப் பக்கத்துக் கிராமத்தில் படைகள் விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் பெற்றோர்களே பள்ளிக்கூடம் கட்டத் தொடங்கினார்கள். லோரிஸ் மலகுட்சி என்கிற இளம் ஆசிரியர் விஷயம் கேள்விப்பட்டு சைக்கிளில் பார்க்கப் போனவர், அதிலேயே வாழ்நாளைக் கழித்தார். 1963-இல் நகராட்சியே பாலர் பள்ளி திறந்தது. அங்கே பாடம் முன்கூட்டி எழுதி வைக்கப்படுவதில்லை. பிள்ளைகள் பேசுவதை ஆசிரியர் எழுதி வைப்பார், படம் எடுப்பார், மாலையில் உட்கார்ந்து அதைப் பார்த்து நாளைக்கு என்ன சாமான் வைப்பது என்று முடிவு செய்வார்.

மூன்றாவது, பெயர் மட்டும் இதுவாக இருந்து உள்ளே நாள் முழுக்க ஒர்க்‌ஷீட் ஓடும் இடங்கள். அல்லது அதற்கு எதிர்ப்பக்கமாக, பொம்மையைக் கொட்டிவிட்டு மிஸ் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடங்கள். இந்தக் கடைசி ரகத்தைக் கண்டால்தான் எனக்கு வயிறு எரிகிறது. பிள்ளையை விட்டுவிடுவது வேறு, பிள்ளையின் பின்னால் போவது வேறு. பின்னால் போவதற்கு நமக்கு ஒன்றுக்கு இரண்டாக வேலை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது நோட்டு ஏன் வரவில்லை என்பதை அல்ல. நேராக மிஸ்ஸிடம் போய், "போன வாரம் என் பையன் என்ன செய்ததைப் பார்த்தீர்கள், அதைப் பார்த்து மறுநாள் என்ன வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தயாராக இருந்தால் நல்ல இடம். "நல்லா விளையாடுறான்மா" என்று மட்டும் சொன்னால் யோசியுங்கள்.

கொளத்தூர் அப்பா:

மிஸ் சொன்னது எல்லாம் சரி. ஆனால் நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும்.

என் மகள் இதே மாதிரி ஒரு பள்ளியில் மூன்று வருடம் இருந்தாள். அவ்வளவு சந்தோஷம். மழைக்காலத்தில் நத்தையைப் பற்றி ஒரு மாதம் பேசுவாள், கேள்வி கேட்டுக் கேட்டுத் துளைத்துவிடுவாள். ஒன்றாம் வகுப்புக்குப் பெரிய பள்ளியில் சேர்த்தோம். முதல் வாரமே டைரியில் குறிப்பு, "போர்டைப் பார்த்து எழுதத் தெரியவில்லை". மற்ற நாற்பது பேரும் எழுதி முடித்து நோட்டை மூடும்போது இவள் மூன்றாவது வரியில் இருப்பாள். நடுவில் எழுந்து போய் ஜன்னலைப் பார்த்ததற்காக நிற்க வைத்தார்கள். தினமும் காலையில் வயிற்று வலி என்பாள். மூன்று மாதம் நானும் மனைவியும் ராத்திரி அவளை உட்கார வைத்து எழுத வைத்தோம், அழுதுகொண்டே எழுதினாள். இப்போது மூன்றாவது படிக்கிறாள், நன்றாகத்தான் படிக்கிறாள், ஆனால் அந்த மூன்று மாதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

தப்பு பாலர் பள்ளி மேலா, பெரிய பள்ளி மேலா என்று இன்னும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று. அமெரிக்காவில் 1968-இல் தொடங்கி ஃபாலோ த்ரூ என்ற பெயரில் பல வகைக் கற்பித்தல் முறைகளை ஏழைப் பிள்ளைகளிடம் வைத்துப் பார்த்தார்கள். நேரடியாக, படிப்படியாகச் சொல்லிக் கொடுத்த முறைதான் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே வந்தது. குழந்தை தானே கண்டுபிடிக்கும் என்று விட்ட முறைகள் அந்த அளவுக்கு வரவில்லை. எழுத்து என்பது தானாக முளைப்பதில்லை, யாராவது சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும். இதையும் பேச வேண்டும்.

பாலர்பள்ளி மிஸ்:

சார், உங்கள் மகளைப் படித்துவிட்டு மனசு கனத்துவிட்டது. மறுக்க மாட்டேன், நடக்கிறது.

ஃபாலோ த்ரூ பற்றி ஒரு விஷயம். அது கிண்டர்கார்டனில் தொடங்கி மூன்றாம் வகுப்பு வரைக்குமான பிள்ளைகளுக்கு நடந்தது, அதாவது ஐந்து வயதிலிருந்து எட்டு வரை. எழுத்துக்கூட்டி வாசிப்பதை அந்த வயதில் தெளிவாகச் சொல்லித்தர வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இங்கே பேசுவது நான்கு வயது பற்றி. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை வைத்து மிச்சிகன் மாநிலத்தில் 1967-இல் பின்னாளில் ஹைஸ்கோப் என்ற கல்வி ஆய்வு அமைப்பைத் தொடங்கியவர்கள் மூன்று முறைகளை ஒப்பிட்டார்கள். மொத்தம் 68 பிள்ளைகள். படிப்பு மதிப்பெண்ணில் மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசம் நிலைக்கவில்லை. 23 வயதில் பார்த்தபோது, சின்ன வயதில் நேரடிப் பாடம் மட்டும் பெற்றவர்களுக்குத்தான் வம்பு வழக்கு அதிகமாக இருந்தது. 68 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, அந்த ஆய்வை அப்போதே கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. ஆனால் சீக்கிரம் எழுதினால் கடைசிவரை முன்னால் போய்விடுவார்கள் என்பதற்கும் அதில் ஆதாரம் இல்லை.

இன்னொன்று, நான்கு வயதில் மணிக்கட்டு எலும்புகளே இன்னும் முற்றியிருக்காது. நம் எழுத்து 247. அதில் 'இ', 'ண', 'ஞ' எழுத எத்தனை வளைவு! மாவு பிசைந்து, மணல் அள்ளி, துணி பிழிந்து கை பழகாத பிள்ளையிடம் பென்சிலைக் கொடுத்தால் முஷ்டியில் பிடித்து அழுத்துவான், தாள் கிழியும். குழி தோண்டுவது எழுதுவதற்கான வேலைதான்.

மாநகராட்சி வாத்தியார்:

இதைப் பற்றிப் பேசும்போது நம் மாநகராட்சிப் பள்ளிகளை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். 2003-இல் சென்னை மாநகராட்சியில் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது நான் புதிதாக வேலைக்கு வந்தவன். ஆந்திராவில் ரிஷிவேலி பள்ளிக்காரர்கள் கிராமங்களில் நடத்தியதைப் பார்த்து வந்து செய்தது அது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் போட்டோம். சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தோம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி அவர்கள் வரைந்ததைத் தொங்கவிட்டோம். ஏணி என்று ஒரு படம், அதில் ஒவ்வொரு படிக்கும் ஓர் இலச்சினை, பிள்ளை தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்து வரும். 2007-08-இல் மாநிலம் முழுவதற்கும் போயிற்று.

நான் பார்த்த ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் வகுப்புப் பையன், பத்து நாள் வரவில்லை, அம்மை. திரும்பி வந்த அன்று பழைய முறையாக இருந்தால் பாடம் எங்கோ போயிருக்கும், அவன் பின்னால் உட்கார்ந்து முழித்திருப்பான். இவன் நேராக ஏணியிடம் போனான், தான் விட்ட படியை விரலால் தேடிப் பிடித்தான், அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் அதைக் குழந்தை வழிப் பாடம் என்று சொல்ல மாட்டேன். வேகம் பிள்ளையுடையது, பாதை எங்களுடையது. அவனுக்கு நத்தை பிடிக்கும் என்றால் நத்தை அட்டை கிடையாது. அட்டைகள் கிழிந்தால் புதிது வர மாதமாகும், நாற்பது பேர் நாற்பது படியில் இருந்தால் ஒரே ஆள் யாரிடம் போவது? புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே என்று பெற்றோர் வேறு வாசலில் வந்து சண்டை போட்டார்கள். 2022 ஜூனிலிருந்து ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் என்கிற திட்டம் வந்துவிட்டது, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறோம். அதிலும் நல்லது இருக்கிறது. முறை எதுவானாலும் வாத்தியார் தரையில் பிள்ளையோடு உட்கார நேரம் கொடுத்தால்தான் நடக்கிறது.

வேளச்சேரி:

நாங்கள் நான்கு வருடம் நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருந்தோம், மகள் அங்கேதான் பாலர் பள்ளி போனாள். அங்கே நாடு முழுவதற்கும் பாலர் பாடத்திட்டம் ஒன்றே, பெயர் தே ஃபாரிக்கி. மாவோரி மொழியில் பின்னிய பாய் என்று அர்த்தம். 1996-இல் கொண்டுவந்தார்கள், 2017-இல் திருத்தினார்கள். நான்கு கொள்கை, ஐந்து இழை, இவ்வளவுதான் அரசு கொடுக்கிறது, அதை வைத்து ஒவ்வொரு பள்ளியும் தன் பிள்ளைகளுக்கு ஏற்றபடி பாய் பின்ன வேண்டும். நம் ஊரில் கோரைப் பாய் நெய்கிறவர்களைப் பார்த்திருந்தால் அது எவ்வளவு பொருத்தமான பெயர் என்று தெரியும்.

அங்கே ரிப்போர்ட் கார்டு இல்லை. கற்றல் கதை என்று மிஸ் பிள்ளைக்கே ஒரு கடிதம் எழுதுவார். என் மகளுக்கு வந்த ஒன்று இன்னும் பீரோவில் இருக்கிறது. அவள் குழாயடியில் வாளியை வைத்து, அது நிறைந்ததும் தூக்க முடியாமல் பாதியைக் கொட்டி, மறுபடி வைத்து, ஐந்தாவது முறை தானாகவே பாதி நிறைந்ததும் குழாயை மூடினாள் என்று முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். கீழே, நாளைக்கு மூன்று அளவில் வாளி வைக்கப் போகிறேன் என்று ஒரு வரி. அதைப் படித்த அன்று, இவளை நான் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததே இல்லையே என்று தோன்றியது.

ஆனால் அங்கே பத்துப் பிள்ளைக்கு ஒரு மிஸ் போல இருப்பார்கள். இங்கே பாலர் பருவக் கல்விக்கான 2013 தேசியக் கொள்கையிலேயே மூன்று முதல் ஆறு வயதுக்கு இருபது பேருக்கு ஒருவர் என்றுதான் இருக்கிறது, அதையும் எத்தனை இடம் காப்பாற்றுகிறது?

அங்கன்வாடி டீச்சர் வியாசர்பாடி:

எல்லோரும் தனியார் பள்ளி பற்றியே பேசுகிறீர்கள். என் மையத்தில் 25 பிள்ளைகள், ஓர் அறை, ஒரு சமையல் கட்டு. ஆடிப்பாடி விளையாடு பாப்பா என்று எங்களுக்குப் பாடத்திட்டம் இருக்கிறது, மாதத்துக்கு ஒரு கருத்து. வாகனம், காய்கறி, விலங்கு இப்படி. மேற்பார்வையாளர் வந்தால் அதைத்தான் பார்ப்பார்.

போன வருடம் மழையில் தெருவெல்லாம் தண்ணீர். அந்த மாதம் எங்களுக்கு வாகனம். பிள்ளைகள் ஒருத்தரும் படத்தில் இருந்த பஸ்ஸைப் பார்க்கவில்லை, வாசலில் ஓடுகிற தண்ணீரையே பார்த்தார்கள். சரி என்று பழைய பேப்பரில் கப்பல் செய்து கொடுத்தேன். ஒன்று மூழ்கியது, ஒன்று போனது, ஏன் என்று கேட்டார்கள். தேங்காய்த் தொட்டி விட்டோம், செருப்பு விட்டோம், முருங்கை இலை விட்டோம். கப்பலும் வாகனம்தானே, பதிவேட்டில் அப்படியே எழுதினேன். அதற்குள் மிதக்கும், மூழ்கும், கனம், லேசு எல்லாம் வந்துவிட்டது. எண்ணுவதற்குப் பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் போதும், ஐந்து ஐந்தாகப் போட்டு வாரும்போது பிள்ளை தானாகக் கூட்டுகிறது. காசு இல்லாத இடத்திலும் இது நடக்கும் என்று சொல்லத்தான் எழுதினேன். எங்களுக்குத் தேவை இன்னும் ஓர் ஆள்.

கொளத்தூர் அப்பா:

டீச்சர், வணக்கம். இதைத்தான் கேட்க ஆசைப்பட்டேன்.

நான் முதலில் எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். என் மகளுக்குப் பிரச்சினை நத்தை இல்லை, இரண்டு பள்ளிகளும் ஒருவரோடு ஒருவர் பேசாததுதான். ஓட்டேரி அம்மாவுக்குச் சொல்கிறேன், யு.கே.ஜி. கடைசி ஆறு மாதத்தில் போர்டைப் பார்த்து எழுதுவது, நோட்டில் தேதி போடுவது, ஒரே இடத்தில் இருபது நிமிடம் உட்காருவது இவற்றை மட்டும் பழக்கித் தருவார்களா என்று பள்ளியில் இப்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம், ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பிள்ளையைப் பரீட்சை வைத்து எடுப்பது கல்வி உரிமைச் சட்டத்தில் 13-ஆம் பிரிவுப்படி கூடாது. எழுதத் தெரியுமா என்று யாராவது உங்கள் பையனைக் கேட்டால் அதைச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இலேயே சொல்லியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாமல் போயிற்று.

ஓட்டேரி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று போய் மிஸ்ஸிடம் அந்தக் கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் உடனே ஒரு பெரிய நோட்டைத் திறந்தார். என் பையன் பெயரில் நான்கு பக்கம் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் இவன், "மண்ணுக்குள்ள போற மெஷின் எப்படித் திரும்பும்?" என்று கேட்டிருக்கிறான். மிஸ் அதை எழுதி வைத்து, மறுநாள் ஈர மணலும் டம்ளரும் வைத்தாராம். இரண்டு பக்கமிருந்தும் தோண்டி நடுவில் சந்திக்க வைக்க வேண்டும் என்று ஐந்து பேர் சேர்ந்து முயற்சி செய்திருக்கிறார்கள். கூரை இடிந்து இடிந்து விழுந்திருக்கிறது. அடுத்த நாள் அட்டையும் குச்சியும் வைத்திருக்கிறார். எத்தனை சாண் தோண்டினோம் என்று தினமும் சுவரில் கோடு போட்டிருக்கிறார்கள், இவன் பதினேழு கோட்டை எனக்கு எண்ணிக் காட்டினான். மாதவரம் பக்கம் மெட்ரோ சுரங்கம் தோண்ட முதலில் இறங்கிய மெஷினுக்கு நீலகிரி என்று பெயர் வைத்ததை மிஸ் சொன்னதும், "மலை மேலதானே இருக்கும், இது ஏன் கீழ போகுது?" என்று இவன் கேட்டதும் அந்த நோட்டில் இருக்கிறது.

அதற்கடுத்த பக்கத்தில் இவன் வரைந்த படம் ஒன்றை ஒட்டியிருந்தார். நீளமாக ஒரு கறுப்புக் கிறுக்கல், அதன் நெற்றியில் கோணல்மாணலாக 'நீ'. சுழி எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. மெஷினுக்குப் பெயர் எழுத வேண்டும் என்று இவனே கேட்டு, மிஸ் மணலில் விரலால் எழுதிக் காட்ட, இவன் பார்த்துப் போட்டதாம். போட்டோ எடுத்து மாமியாரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சுழியை மாத்திப் போட்டிருக்கான்" என்றார். அப்புறம் இவனைக் கூப்பிட்டு மெஷின் எப்படிப் போகும் என்று கேட்டார், இவன் அரை மணி நேரம் பாட்டி மடியில் உட்கார்ந்து சொன்னான்.

யு.கே.ஜி. விஷயத்தையும் கேட்டேன். ஜனவரியில் பெற்றோர் கூட்டத்தில் பேசலாம் என்றார், நான் விட மாட்டேன்.

வடசென்னைப் பக்கம் இருக்கிறவர்களிடம் ஓர் உதவி. துணிக்கடையில் துணி சுற்றி வருமே அந்த அட்டைக் குழாய், ஆறு ஏழு வேண்டுமாம், உள்ளே பிள்ளையின் கை நுழையும் அளவுக்கு. புரசைவாக்கத்தில் தெரிந்த கடை யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள், திங்கட்கிழமைக்குள் வாங்கிக் கொடுக்க வேண்டும்.